காலநிலைத் தரவுகளும் தாவர உற்பத்தி மதிப்பீடும்: ஒரு வரலாற்று நோக்கு

அறிமுகம்

உலகிலுள்ள உயிரினங்கள் பெரும்பாலானவற்றின் உணவுக்கு மூலமாய் அமைவது பச்சைத் தாவரமாகும். ஞாயிற்றின் ஒளி, வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டு, வேர்வழி வரும் நீர் ஆகியவற்றைக் கொண்டு தாவரம் ஒளித்தொகுப்பினால் ஆக்கும் சேதனப் பொருளின் முழு அளவு மொத்த முதல் உற்பத்தி எனப்படும். அதில் ஒரு பகுதியைத் தாவரம் தன் சுவாசத்திற் செலவிட்டுவிடுகின்றது. எஞ்சி நின்று இலையாகவும் தண்டாகவும் வேராகவும் வித்தாகவும் சேர்வது தேறிய முதல் உற்பத்தியாகும். மனிதன் உண்ணும் நெல்லும், மாடு மேயும் புல்லும், அடுப்பில் எரியும் விறகும் இத்தேறிய உற்பத்தியின் கூறுகளே.

உலகின் தரைத்தாவரங்கள் யாவும் சேர்ந்து ஓராண்டில் எவ்வளவு பொருளை ஆக்குகின்றன என்னும் வினா ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அறிஞரின் கருத்தை ஈர்த்து வந்துள்ளது. ஒரு வயலின் விளைச்சலை அறுத்து நிறுத்துவிடலாம். ஒரு காட்டின் சிறு பகுதியைப் பல ஆண்டுகள் அளந்து அதன் வளர்ச்சியைக் கணித்துவிடலாம். உலகம் முழுவதையும் இவ்வாறு நிறுத்தல் ஒருபோதும் இயலாது. எனவே, நேரே அளக்க முடியாத ஒன்றை எளிதில் அளக்கக்கூடிய வேறொன்றின் வாயிலாக உய்த்தறிய வேண்டிய நிலை ஏற்பட்டது. அவ்வாறு தேர்ந்து கொள்ளப்பட்டது காலநிலை. வெப்பநிலை, மழைவீழ்ச்சி, ஞாயிற்றுக் கதிர்வீசல் ஆகியவற்றை உள்ளீடாகப் பெற்றுத் தாவர உற்பத்தியை விடையாகத் தரும் கணனி மாதிரியுருக்கள் தோன்றியமைக்குக் காரணம் இதுவே.

இம்மதிப்பீடுகளின் வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. உலகத் தாவர உற்பத்தி பற்றிய ஒவ்வொரு எண்ணிலும் தாவரத்தைப் பற்றிய அறிவோடு காலநிலைத் தரவுகளின் நிறைகுறைகளும் கலந்துள்ளன. தாவரங்களைப் பற்றிய செய்தியென வெளிவந்தவற்றுட் சில, தரவுகளைப் பற்றிய செய்தியாகவும் இருக்கக்கூடும் என்ற ஐயம் எவ்வாறு தோன்றியது, அது எவ்வாறு ஆராயப்பட்டது என்பது இக்கட்டுரையின் பொருளாகும்.

தொடக்க முயற்சிகள்

ஜேர்மனிய இரசாயன அறிஞரான யுஸ்டஸ் வொன் லீபிக் 1862 ஆம் ஆண்டில் ஓர் எளிய கணிப்பைச் செய்தார். உலகின் தரைப்பரப்பு முழுவதும் ஹெக்டேயருக்கு 5 தொன் விளைவு தரும் பசும்புற்றரையாக இருக்குமாயின், வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டு, மீண்டும் சேராதவிடத்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்பது அவர் கண்ட முடிவு. இக்கணிப்பிற் காலநிலைக்கு இடமில்லை. பாலைநிலமும் பனிநிலமும் ஐரோப்பியப் புற்றரையும் ஒன்றாகவே கொள்ளப்பட்டன. ஆயினும், சிபிரெங்கல் முன்னர்க் கூறி லீபிக் பரப்பிய இழிவு விதி பிற்கால மாதிரியுருக்களின் அடிப்படையாயிற்று. வளர்ச்சிக்கு வேண்டிய காரணிகள் பலவற்றுள் எது மிகக் குறைவாகக் கிடைக்கின்றதோ அதுவே வளர்ச்சியின் அளவைத் தீர்மானிக்கின்றது என்பது அவ்விதியாகும். 1876 இல் எபர்மயர் என்பார் பவேரியக் காடுகளில் உதிரும் இலைகுழைகளை நிறுத்து வெளியிட்ட நூல், ஊகத்தை விடுத்து அளவீட்டை நாடிய முயற்சிகளுள் முதன்மையானது.

காலநிலைக்கும் தாவரத்துக்குமுள்ள தொடர்பை உலகளாவிய முறையில் வகுத்தவருள் முன்னோடி விளாடிமிர் கொப்பென் ஆவார். 1900 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட காலநிலைப் பாகுபாடு தாவர எல்லைகளையே துணையாகக் கொண்டது. வானிலை நிலையங்கள் அருகியிருந்த அக்காலத்தில் எங்கே எந்தத் தாவரம் வளர்கின்றது என்பது காலநிலையைக் காட்டும் குறியாகப் பயன்பட்டது. பின்வந்த ஆய்வாளர் இதே தொடர்பை எதிர்த்திசையிற் பயன்படுத்தி, காலநிலையிலிருந்து தாவரத்தைக் கணிக்க முற்பட்டனர்.

அவ்வகையில் ஹைன்றிக் வால்ற்றர் 1939 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இன்று நமீபியா எனப்படும் தென்மேற்கு ஆபிரிக்காவின் புல்நிலங்களில், மழைவீழ்ச்சி கூடக்கூடப் புல்லின் விளைவும் நேர்விகிதத்திற் கூடுவதை அவர் கண்டார். 1948 இல் அமெரிக்கரான தோர்ன்த்வெயிற், நீர் குறைவின்றிக் கிடைக்குமாயின் மண்ணும் தாவரமும் சேர்ந்து வளிக்கு விடக்கூடிய நீராவியின் அளவை வெப்பநிலையிலிருந்து கணிக்கும் முறையை வகுத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பென்மன் ஆவியாதலுக்குரிய பௌதிகச் சமன்பாட்டை வெளியிட்டார். 1956 இல் சுவீடனைச் சேர்ந்த பற்றர்சன் காலநிலைக் காரணிகளை இணைத்து உலகக் காடுகளின் விளைதிறனைக் காட்டும் சுட்டெண் ஒன்றை அமைத்தார். 1968 இல் றொசென்ஸ்வைக், ஓரிடத்திலிருந்து உண்மையில் ஆவியாகும் நீரின் அளவு தெரிந்தால் அவ்விடத்தின் தேறிய உற்பத்தியை முன்கூறலாம் எனக் காட்டினார். இவையெல்லாம் கைக்கணக்கால் ஆனவை. கணனி வந்த பின்னரே இவற்றை உலகப்படமாக விரிக்க வழி பிறந்தது.

மியாமி மாதிரியுரு

1964 முதல் 1974 வரை நடைபெற்ற அனைத்துலக உயிரியல் நிகழ்ச்சித்திட்டம் பல நாடுகளிலும் காடு, புல்நிலம், பாலை முதலிய சூழற்றொகுதிகளின் உற்பத்தியை அளக்க வகை செய்தது. இவ்வளவீடுகளைப் பயன்படுத்தியோருள் ஹெல்மூத் லீத் முதன்மையானவர். ஜேர்மனியரான இவர் அப்போது ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். முன்னர் வால்ற்றருடன் சேர்ந்து, உலகின் ஆயிரக்கணக்கான வானிலை நிலையங்களின் பதிவுகளை வரைபடங்களாக்கிக் காலநிலை அட்லஸ் ஒன்றை 1960 தொடக்கம் 1967 வரை வெளியிட்டவர். உற்பத்தி அளவீடுகள் ஒருபுறமும் நிலையப் பதிவுகள் மறுபுறமும் அவர் கையில் இருந்தன. இவ்விரண்டையும் இணைத்து 1971 இல் மியாமி நகரில் நிகழ்ந்த மாநாட்டில் அவர் அளித்த மாதிரியுரு அந்நகரின் பெயராலேயே வழங்கலாயிற்று.

மியாமி மாதிரியுருவின் அமைப்பு எளியது. ஏறத்தாழ ஐம்பது இடங்களின் அளவீடுகளைக் கொண்டு இரண்டு வளையிகள் வரையப்பட்டன. ஒன்று ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது. மற்றது ஆண்டு மழைவீழ்ச்சிக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது. இரண்டும் ஆண்டொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 3000 கிராம் உலர்பொருள் என்ற உச்ச எல்லையை நோக்கி உயர்வன. ஓரிடத்துக்கு இரண்டு வளையிகளும் தரும் விடைகளுட் சிறியதே அவ்விடத்தின் உற்பத்தியெனக் கொள்ளப்படும். லீபிக் பரப்பிய இழிவு விதி இங்கே கணித வடிவம் பெற்றது. எழுத்துக்களை ஒன்றன்மேலொன்றாக அச்சிட்டு நிறச்செறிவு காட்டும் அக்காலக் கணனி அச்சுப்பொறியில் உலக உற்பத்திப் படம் பதிவாயிற்று. மொத்த விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 12,400 கோடி தொன் உலர்பொருள்.

1972 இல் லீத், எல்ஜீன் பொக்ஸ் என்பவருடன் சேர்ந்து, ஆவியாகும் நீரின் அளவை உள்ளீடாகக் கொண்ட வேறொரு மாதிரியுருவை அமைத்து அதற்குத் தோர்ன்த்வெயிற்றின் நினைவாகப் பெயரிட்டார். அதன் விடை ஏறத்தாழ 11,900 கோடி தொன். காலநிலையை நாடாது, ஒவ்வொரு தாவர வகையின் பரப்பையும் அதன் சராசரி உற்பத்தியையும் பெருக்கி விற்றேக்கரும் லைக்கென்சும் 1975 இல் வெளியிட்ட விடை 11,750 கோடி தொன். மூன்று விடைகளும் இவ்வளவு நெருங்கியிருந்தமை பெரும் நம்பிக்கையைத் தந்தது. ஆனால் மூன்றுக்கும் அடிப்படையாக அமைந்தவை பெரும்பாலும் ஒரே வகைக் கள அளவீடுகளே என்பதை மறத்தலாகாது. மேலும், மொத்தங்கள் ஒத்திருப்பதனால் உலகப்படத்தின் ஒவ்வோரிடத்திலும் விடைகள் ஒத்திருக்கும் என்பதும் இல்லை.

தரவுப் பிழை ஒன்று விடையை எவ்வளவு மாற்றும் என்பதை இம்மாதிரியுருவைக் கொண்டே தெளிவாகக் காணலாம். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழைவீழ்ச்சியை 1250 மில்லிமீற்றர் எனவும் இரத்தினபுரியின் மழைவீழ்ச்சியை 3700 மில்லிமீற்றர் எனவும், இரண்டு இடங்களின் சராசரி வெப்பநிலையையும் 27 பாகை செல்சியசு எனவும் கொள்வோமாயின், யாழ்ப்பாணத்துக்கு மழை வளையி ஏறத்தாழ 1690 கிராமைத் தருகின்றது. வெப்பநிலை வளையி தருவது 2610 கிராம் ஆதலால் மழையே எல்லையாகின்றது. மழைவீழ்ச்சியைப் பத்து வீதம் குறைவாகப் பதிந்துவிட்டால் விடை ஏறத்தாழ 1580 கிராமாகக் குறையும். இரத்தினபுரியிலோ மழை வளையி தரும் விடை 2740 கிராம். அங்கே வெப்பநிலையே எல்லையாதலால் விடை 2610 கிராம். மழைவீழ்ச்சியைப் பத்து வீதம் பிழையாகப் பதிந்தாலும் அவ்விடை மாறுவதில்லை. வெப்பநிலைப் பிழையும் இத்தகையதே. 27 பாகை நிலவும் நாட்டில் ஒரு பாகைக் குறைவு வெப்பநிலை வளையியின் விடையை இரண்டு வீதத்துக்கும் குறைவாகவே மாற்றும். 5 பாகை நிலவும் குளிர்நாட்டில் அதே ஒரு பாகைக் குறைவு ஏறத்தாழ எட்டு வீத மாற்றத்தை உண்டாக்கும். ஆகவே தரவுப் பிழையின் விளைவு எங்கும் ஒரே அளவினதன்று. எந்தக் காரணி எல்லையாக நிற்கின்றதோ அதன் தரவிலுள்ள பிழையே விடையிற் சென்று சேர்கின்றது.

ஆண்டுச் சராசரியின் குறைபாடும் இவ்வெடுத்துக்காட்டிலே தெளிவாகின்றது. யாழ்ப்பாணத்து மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்துவிடுகின்றது. மியாமி மாதிரியுரு அதனை ஆண்டு முழுவதற்கும் உரிய ஒரே எண்ணாகவே காண்கின்றது. பெய்த மழையில் எவ்வளவு கடலுக்கு ஓடியது, எவ்வளவு சுண்ணக்கற்பாறையினூடே நிலத்தடிக்குச் சென்றது, கோடையில் வேருக்கு எட்டிய நீர் எவ்வளவு என்பன அதற்குத் தெரியா.

மாதத் தரவுகளும் கட்டங்களும்

இக்குறைபாட்டை நீக்க வேண்டுமாயின், தாவரத்தின் உள்ளே நிகழும் செயல்களையே சமன்பாடுகளாக எழுதுதல் வேண்டும். அதற்கான அடித்தளம் வேறு திசைகளில் இடப்பட்டு வந்தது. ஒல்லாந்தின் வாகெனிங்கனைச் சேர்ந்த டி விற் 1965 இல் பயிரின் இலைத்தொகுதி முழுவதன் ஒளித்தொகுப்பைக் கணனியாற் கணித்தார். இங்கிலாந்தின் மொன்ரீத், 1972 இலும் 1977 இலும் வெளியிட்ட கட்டுரைகளில், பயிர் உறிஞ்சும் ஒளியின் அளவுக்கும் அது ஆக்கும் உலர்பொருளுக்கும் உள்ள விகிதம் பெரிதும் மாறாதிருப்பதைக் காட்டினார். 1980 இல் பார்க்குவர், வொன் கெமரர், பெரி ஆகிய மூவரும் ஒளித்தொகுப்பின் உயிரிரசாயனத்தை எளிய சமன்பாடுகளில் வகுத்தனர்.

இதே காலத்தில் வேறொரு தேவையும் எழுந்தது. 1958 இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் கீலிங் தொடங்கிய அளவீடுகள் வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டு ஆண்டுதோறும் கூடுவதைக் காட்டின. எரிபொருள்களிலிருந்து வெளியேறிய காபனில் ஒரு பகுதி மட்டுமே வளியில் எஞ்சியது. மற்றப் பகுதியிற் கடல் எவ்வளவு கொண்டது, தரைத்தாவரம் எவ்வளவு கொண்டது என்பதை அறிய வேண்டியிருந்தது. அன்று முதல் உற்பத்தி மதிப்பீடுகள் உலர்பொருளில் அன்றிக் காபன் நிறையிலே கூறப்படலாயின. உலர்பொருளின் ஏறத்தாழப் பாதி காபன் ஆதலால், முன்னர்க் கூறிய 12,000 கோடி தொன் காபனிற் சுமார் 5,500 கோடி தொன்னாகும்.

இத்தேவையை முன்னிட்டு 1990 களில் எழுந்த மாதிரியுருக்களுள் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோலில் மெலிலோவும் குழுவினரும் அமைத்த தரைச் சூழற்றொகுதி மாதிரியுரு குறிப்பிடத்தக்கது. 1993 இல் அது தந்த உலக விடை ஆண்டுக்கு 5,320 கோடி தொன் காபன். இத்தகைய மாதிரியுரு உலகத் தரையை அகலக்கோட்டிலும் நெடுங்கோட்டிலும் அரைப் பாகை கொண்ட கட்டங்களாகப் பிரித்து, அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட அக்கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் மாதந்தோறும் வெப்பநிலை, மழைவீழ்ச்சி, மேகமூட்டம் ஆகியவற்றை வேண்டிநின்றது. இவற்றை ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தவர் எவருமில்லை. வியன்னாவுக்கு அருகிலுள்ள அனைத்துலக ஆய்வு நிலையமொன்றில் லீமன்சும் கிறேமரும் 1991 இல் தொகுத்த தரவுத்தளம் இவ்விடத்திற் கைகொடுத்தது. நிலையங்கள் உள்ள இடங்களின் பெறுமானங்களிலிருந்து, உயரத்தையும் கருத்திற் கொண்டு, இடைப்பட்ட கட்டங்கள் யாவும் நிரப்பப்பட்டன.

இவ்வாறு நிரப்பப்பட்ட எண்களின் தன்மை நோக்கற்பாலது. வானிலை நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களிலும் பள்ளத்தாக்குகளிலும் விமானத்தளங்களிலும் உள்ளன. உயர்ந்த மலைகளிலும் அடர்ந்த காடுகளிலும் மிகக் குறைவு. மழைமானியும் முழு மழையையும் பிடிப்பதில்லை. காற்று வீசும்போது துளிகளில் ஒரு பகுதி விலகிப்போகும். பனி பெய்யும் நாடுகளில் இவ்விழப்பு மிக அதிகம். 1990 இல் லெகேற்சும் வில்மொற்றும் இப்பிழையைத் திருத்தி ஓர் உலக மழைத் தொகுப்பை வெளியிட்டனர். ஆகவே, திருத்திய மழை, திருத்தாத மழை என இருவகைத் தரவுகள் மாதிரியுருவாளர் முன் நின்றன. ஞாயிற்றுக் கதிர்வீசலை நேரே அளக்கும் நிலையங்கள் மேலும் அரியன; மேகமூட்டத்திலிருந்தே அது பெரும்பாலும் கணிக்கப்பட்டது. மலைநாடுகளில் கட்டத்தின் அளவே ஓர் இடரானது. மத்திய கோட்டுக்கு அருகே அரைப் பாகைக் கட்டமொன்று ஏறத்தாழ 55 கிலோமீற்றர் பக்கமுடையது. நுவரெலியாவின் குளிர்ந்த உச்சிநிலமும் பலாங்கொடையின் தாழ்ந்த சரிவும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடும். அக்கட்டத்துக்கு எழுதப்படும் ஒரே வெப்பநிலை இவ்விரண்டு இடங்களுக்கும் உரியதாகாது.

இத்தகைய வேறுபாடுகள் விடையை எவ்வளவு பாதிக்கும் என்ற வினாவே பின்னர் தனியோர் ஆய்வுப் பொருளாயிற்று. 1996 இல் பான் என்பவரும் குழுவினரும் ஐக்கிய அமெரிக்காவின் நிலப்பரப்புக்கு மெலிலோவின் மாதிரியுருவையே பயன்படுத்தி, வெவ்வேறு காலநிலைத் தரவுகளையும் மண் தரவுகளையும் மாற்றி மாற்றி ஊட்டி விடைகளை ஒப்பிட்டனர். மாதிரியுரு மாறாதிருக்கத் தரவு மட்டும் மாறும்போது விடையில் ஏற்படும் வேறுபாடு தரவுக்கே உரியது என்பதில் ஐயமில்லை. இம்முறை பின்வந்த ஆய்வுகளுக்கு வழிகாட்டியாயிற்று.

பொற்ஸ்டாம் ஒப்பீடு

மறுவகைச் சோதனை ஜேர்மனியின் பொற்ஸ்டாமில் நிகழ்ந்தது. அங்குள்ள காலநிலைத் தாக்க ஆய்வு நிறுவகத்தில் 1994 இலும் 1995 இலும் கூடிய மாதிரியுருவாளர்கள் தம் விடைகளை அருகருகே வைத்து ஒப்பிட முன்வந்தனர். தரவு வேறுபாட்டால் எழும் குழப்பத்தைக் குறைக்கும்பொருட்டு ஒரே காலநிலைத் தரவுத்தளம் பொதுவாக அளிக்கப்பட்டது. கிறேமரும் ஏனையோரும் 1999 இல் வெளியிட்ட முடிவின்படி, பதினேழு மாதிரியுருக்களின் விடைகள் 3,990 கோடி தொன் காபனிலிருந்து 8,050 கோடி தொன் வரை பரந்து கிடந்தன. இரு முனைகளிலும் இருந்த விடைகளை நீக்கிய பின்னரும் வீச்சு 4,440 கோடியிலிருந்து 6,630 கோடி வரை நின்றது.

உலகப்படத்தின் பொதுவமைப்பில் மாதிரியுருக்கள் பெரும்பாலும் உடன்பட்டன. மண்ணீரின் வரவுசெலவைக் கணிக்கும் முறை வேறுபட்டபோது விடையும் வேறுபட்டது. பருவத்துக்குப் பருவம் நிகழும் மாற்றத்திலும் மாதிரியுருக்கள் தம்முள் முரண்பட்டன. இதன் பொருள் யாதெனில், மழைத் தரவு ஒன்றாக இருந்தாலும், அம்மழையை வேருக்கு எட்டும் நீராக மாற்றும் படியில் ஒவ்வொரு மாதிரியுருவும் வேறு வழி சென்றது என்பதாகும். தரவும் மாதிரியுருவும் ஒன்றையொன்று சார்ந்து பிழை செய்யக்கூடியன என்பதை இவ்வொப்பீடு உணர்த்தியது.

செய்மதியும் மீள்பகுப்பாய்வும்

1980 களிலிருந்து செய்மதிகள் நிலத்தின் பசுமையை வானிலிருந்து அளக்கலாயின. 1999 டிசம்பரில் நாசா நிறுவனம் ஏவிய தெறா செய்மதியின் மோடிஸ் கருவி, ஒரு கிலோமீற்றர் நுணுக்கத்தில் உலகத் தாவரத்தைக் காட்டியது. மொன்ரீத்தின் விதியை அடிப்படையாகக் கொண்டு மொன்றானாப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீவன் றனிங் குழுவினர் இதனை உற்பத்தி மதிப்பீடாக மாற்றினர். செய்மதி நேரே காண்பதால் இனிக் காலநிலைத் தரவின் பிழைகள் நீங்கிவிடும் என எண்ணுதல் இயல்பே. ஆனால் செய்மதி காட்டுவது உறிஞ்சக்கூடிய ஒளியின் பங்கை மட்டுமே. எவ்வளவு ஒளி வந்தது, குளிரும் வறண்ட காற்றும் இலையின் செயலை எவ்வளவு தடுத்தன, சுவாசத்தில் எவ்வளவு செலவாயிற்று என்பவற்றுக்கு நாளாந்த வானிலைத் தரவு இன்னும் வேண்டியிருந்தது.

அத்தரவு மீள்பகுப்பாய்வு எனப்படும் முறையாற் கிடைத்தது. கடந்த காலத்து அவதானிப்புகள் யாவற்றையும் வானிலை முன்கூறும் கணனி மாதிரியுரு ஒன்றினூடே செலுத்தி, இடைவெளியின்றி உலகம் முழுவதற்கும் வானிலையை மீள அமைப்பதே இம்முறை. எனவே தாவர மாதிரியுருவுக்கு உள்ளீடாகச் சென்ற காலநிலையும் மற்றொரு மாதிரியுருவின் விடையேயாயிற்று.

2003 இல் நெமானியும் குழுவினரும் செய்மதிப் பதிவுகளையும் மீள்பகுப்பாய்வுத் தரவுகளையும் இணைத்து, 1982 தொடக்கம் 1999 வரை உலகின் தேறிய உற்பத்தி ஆறு வீதம், அதாவது 340 கோடி தொன் காபன், கூடியதாக அறிவித்தனர். இவ்வதிகரிப்பில் 42 வீதம் அமேசன் காடுகளுக்கு உரியதெனவும், அங்கே மேகமூட்டம் குறைந்து ஞாயிற்றொளி கூடியமையே முதற் காரணம் எனவும் அவர்கள் கருதினர். நிலையங்கள் மிக அரிதான ஒரு பெருங்காட்டின் மேகமூட்டத்தைப் பற்றிய தரவு உலகச் செய்தியொன்றைத் தாங்கி நின்றது.

2006 இல் சாவோ, றனிங், நெமானி ஆகிய மூவரும் தாம் கையாண்ட முறையைத் தாமே சோதனைக்கு உட்படுத்தினர். மோடிஸ் மதிப்பீட்டு முறையை மாற்றாது, நாசாவின் தரவு, ஐரோப்பிய வானிலை நிலையத்தின் தரவு, அமெரிக்கத் தேசிய நிலையங்களின் தரவு என மூன்று மீள்பகுப்பாய்வுத் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டி விடைகளை ஒப்பிட்டனர். உலக மொத்தங்களுக்கிடையே ஆண்டுக்கு 2,000 கோடி தொன் காபனுக்கு மேற்பட்ட வேறுபாடு காணப்பட்டது. அமெரிக்கத் தேசிய நிலையங்களின் தரவு மிக உயர்ந்த விடையையும் ஐரோப்பியத் தரவு மிகத் தாழ்ந்த விடையையும் தந்தன. நாசாவின் தரவு இடையில் நின்றது.

வேறுபாட்டின் காரணமும் தெளிவாக்கப்பட்டது. அமெரிக்கத் தேசிய நிலையங்களின் தொகுதி ஞாயிற்றுக் கதிர்வீசலைக் கூட்டிக் காட்டியது. வெப்பநிலையையும் காற்றின் வறட்சியையும் குறைத்துக் காட்டியது. ஒளி கூடினால் ஒளித்தொகுப்புக் கூடும். காற்று ஈரமாயிருந்தால் இலைவாய்கள் திறந்திருக்கும். வெப்பம் குறைந்தாற் சுவாசச் செலவு குறையும். இம்மூன்று பிழைகளும் பெரும்பாலும் ஒரே திசையில் விடையை உயர்த்தின. நிலைய அளவீடுகளோடு ஒப்பிடுகையில் ஐரோப்பியத் தரவே மிகத் திருத்தமானதாயினும், அயனமண்டலத்தில் அதன் கதிர்வீசல் தாழ்ந்திருந்தது. வேறுபாடுகள் மிகப் பெரிதாயிருந்ததும் அயனமண்டலத்திலேயே. உலகில் மிகுதியாக உற்பத்தி செய்யும் நிலங்களும் தரவு மிகக் குறைந்த நிலங்களும் பெரும்பாலும் ஒன்றாயிருத்தல் இவ்வாய்வின் வரலாற்றிற் கவலைக்குரிய உண்மையாகும்.

இதன் விளைவு சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. 2010 இல் சாவோவும் றனிங்கும், 2000 தொடக்கம் 2009 வரை உலகின் தேறிய உற்பத்தி 55 கோடி தொன் காபன் குறைந்ததாகவும் தென்னரைக்கோளத்து வறட்சியே அதற்குக் காரணம் எனவும் அறிவித்தனர். முந்திய இருபதாண்டில் வளர்ந்த உலகப் பசுமை இப்போது தேயத் தொடங்கியதோ என்ற அச்சத்தை இது எழுப்பியது. உணவு, விறகு, காபன் ஆகியவை பற்றிய அரசியற் கொள்கைகள் யாவும் இவ்வினாவோடு தொடர்புடையன. ஆனால் 55 கோடி தொன் என்பது உலக மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு வீதமே. தரவுத் தொகுதிகளுக்கிடையே 2006 இற் காணப்பட்ட வேறுபாடு அதனிலும் முப்பது மடங்குக்கு மேற்பட்டது. மாறாத பிழையொன்று போக்கைக் கெடுக்க வேண்டுமென்பதில்லை என்பது உண்மை. எல்லா ஆண்டும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் தராசினாலும் நிறை குறைவதை அறியலாம். ஆனால் பிழை ஆண்டுக்காண்டு மாறுமாயின் அந்நம்பிக்கையும் நில்லாது.

2011 இல் இம்முடிவுக்கு இரு மறுப்புகள் வெளிவந்தன. வெப்பநிலை கூடும்போது சுவாசம் எவ்வளவு கூடும் என மாதிரியுருவில் முன்பே எழுதப்பட்ட எடுகோளே இவ்வீழ்ச்சியைத் தந்தது என மெட்லின் வாதிட்டார். சமந்தாவும் குழுவினரும், அப்போக்கு மாதிரியுருவின் விளைவேயெனவும், 70 பாகை வட அகலக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள தாவர நிலத்தில் 85 வீதத்துக்கு மேற்பட்ட பகுதியிற் செய்மதி அவதானிப்புகள் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காட்டவில்லை எனவும் எடுத்துக்காட்டினர். சாவோவும் றனிங்கும் தம் முடிவை ஆதரித்து மறுமொழி எழுதினர். இவ்விவாதத்தின் பயன் எவர் வென்றார் என்பதில் இல்லை. வெப்பநிலைத் தரவு ஒன்று, சுவாச எடுகோள் ஒன்றினூடே சென்று, தாவர வீழ்ச்சி என்னும் உருவில் வெளிவரக்கூடும் என்பதை இருசாராரும் வெளிப்படையாக ஆராயும் நிலை தோன்றியமையே அதன் பயனாகும்.

நிலையப் பதிவுகளையே அடிப்படையாகக் கொண்ட தொகுதிகளும் இக்குறைக்கு விலக்கல்ல. கிழக்கு அங்கிலியப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வுப் பிரிவு தொகுத்த தரவு பரவலாகப் பயன்படுவது. அத்தொகுப்பில் ஓரிடத்தைச் சுற்றி மழைக்கு 450 கிலோமீற்றருக்குள்ளும் வெப்பநிலைக்கு 1200 கிலோமீற்றருக்குள்ளும் பதிவுகள் இல்லாதவிடத்து, அவ்விடத்துக்கு நீண்டகாலச் சராசரியே எழுதப்பட்டது. அங்கே கடும் வறட்சி நிகழ்ந்திருந்தாலும் மாதிரியுரு இயல்பான ஆண்டொன்றையே காணும். கொங்கோ வடிநிலம் போன்ற இடங்களில் அண்மைப் பதின்மங்களில் மழைப்பதிவுகள் அருகிவிட்டமையால் இது வெறும் கற்பனை இடரன்று.

முடிவுரை

லீபிக்கின் புற்றரைக் கணிப்பிலிருந்து மோடிஸ் மதிப்பீடு வரையுள்ள இவ்வரலாற்றில் மாதிரியுருக்கள் பெரிதும் நுணுகி வளர்ந்துள்ளன. அவை நுணுகுந்தோறும் வேண்டும் தரவுகளும் பெருகின. ஆண்டுச் சராசரி போதுமாயிருந்த இடத்தில் மாதத் தரவும், பின்னர் நாளாந்தத் தரவும் தேவைப்பட்டன. தேவை கூடிய வேகத்தில் மழைமானிகளும் கதிர்வீசல் கருவிகளும் கூடவில்லை. இடைவெளியைக் கணிப்பு நிரப்பியது. அவ்வாறு நிரப்பிய எண்ணும் அளந்த எண்ணும் உலகப்படத்தில் ஒரே நிறத்திலேயே தோன்றுகின்றன.

ஆகவே, தாவர உற்பத்தி பற்றிய மதிப்பீடு ஒன்றை வாசிக்கும் மாணவன் அதன் மாதிரியுரு யாது என வினவுவதோடு, அதற்கு ஊட்டிய காலநிலைத் தரவு எங்கிருந்து வந்தது, தான் ஆராயும் இடத்தில் அது அளக்கப்பட்டதா, கணிக்கப்பட்டதா, வேறொரு தரவை ஊட்டியிருந்தால் முடிவு நிலைத்திருக்குமா என்பவற்றையும் வினவுதல் வேண்டும். அயனமண்டல நாடுகளின் ஆய்வாளர்க்கு இதிற் சிறப்பான பொறுப்பு உண்டு. உலக மதிப்பீடுகளின் ஐயம் மிகுந்த பகுதி அவர்களின் நிலங்களிலேயே கிடக்கின்றது. அவ்வையத்தைக் குறைக்கும் பணி பெருங்கணனிகளில் மட்டும் நிகழ்வதன்று. நாள்தோறும் காலையில் மழைமானியின் நீரை அளந்து, பிழையின்றிப் பதிந்து, அப்பதிவைப் பேணி வைக்கும் வானிலை அவதானிப்பாளனும் அப்பணியிற் பங்குடையவனாவான்.